எங்கள் ஊர் திரையில் வந்தபோது

எங்கள் ஊர்ப் பக்கத்து மண்ணில் உயிர்விட்ட இரண்டு பேரை வெளியுலகம் அறியும். இருவருமே இந்த ஊரில் பிறந்தவர்கள் இல்லை. ஒருவர் வத்தலக்குண்டுக்காரர், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. தொழுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோதும் ஊர் ஊராகப் போய் மேடையேறியவர், 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 40. இன்னொருவர் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் கோபிநத்தத்தில் பிறந்தவர். 2004 அக்டோபர் 18 இரவு, எங்களுக்குப் பக்கத்துக் கிராமமான பாடியில் ஓர் ஆம்புலன்ஸை மறித்து அதிரடிப்படை சுட்டதில் இறந்தார். அவர் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெளியூரில் யாராவது "எந்த ஊருப்பா?" என்று கேட்டால், பாப்பாரப்பட்டி என்று சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. "தருமபுரி மாவட்டம், பென்னாகரத்துப் பக்கம், சுப்பிரமணிய சிவா சமாதி இருக்குதில்லைங்க, அந்த ஊர்" என்று விளக்க வேண்டும். கேட்டவர் தலையை ஆட்டுவார். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. 2004க்குப் பிறகு அந்த வேலை இல்லாமல் போனது. ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளியின் கண் விரியும். "வீரப்பனைச் சுட்ட ஊரா?" அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம். "நீங்க பார்த்தீங்களா?"

கடந்த சில ஆண்டுகளில் நான் பார்த்த தொடர்களும் படித்த புத்தகங்களும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜீ5-இல் 'கூச முனிசாமி வீரப்பன்' வந்தது. இரண்டையும் பார்த்த கையோடு, அலமாரியில் ஏற்கெனவே இருந்த சில புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். சிலவற்றைப் புதிதாக வாங்கினேன். அவை என்னுள் கிளப்பிய எண்ணங்களை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

முதலில், இந்தக் கதை அன்றைக்கு எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் வீரப்பன் எங்களுக்குச் செய்தி மட்டும் இல்லை. மேற்கே தெரிகிற மலை வரிசைக்குள் எங்கோ இருக்கிற ஆள். பென்னாகரத்தில் இருந்து ராத்திரி வரும் பஸ்ஸை நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். காட்டோர ஊர்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக அரிசி வாங்கினால்கூட "யாருக்கு இவ்வளவு?" என்ற கேள்வி வரும். சலூனில் நக்கீரன் இதழ் கிடக்கும். அட்டையில் வீரப்பன். பெரிய மீசை, தோளில் துப்பாக்கி. அந்த அட்டையைப் பார்த்தபடி முடிவெட்டிக்கொள்ளக் காத்திருக்கும் பெரியவர்கள் அவர் பெயரை உரக்கச் சொல்ல மாட்டார்கள். "அந்தாளு" என்பார்கள். "மீசைக்காரன்" என்பார்கள். கேட்கிற காது யாருடையது என்று தெரியாத காலம் அது.

திரையில் அவர் வந்தது வேறு மாதிரி. 1991இல் 'கேப்டன் பிரபாகரன்' வெளியானது. விஜயகாந்தின் 100ஆவது படம். மன்சூர் அலிகான் காட்டில் ஆட்டம் போடும் வில்லனாக வந்தார். டென்ட் கொட்டகை மணலில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்த எங்களுக்கு, படம் விட்டு வீடு திரும்பும் வழியில் உண்மையான போலீஸ் ஜீப் எதிரே வந்தால் வாய் அடைத்துவிடும். படத்தில் காடு ஒரே பச்சை. துப்பாக்கிச் சத்தம் காதைப் பிளக்கும். முடிவில் நல்லவர் ஜெயிப்பார். எங்கள் மலையோ வெயில் காலத்தில் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்கும்.

2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று காஜனூரில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது அந்தப் பயம் வேறொரு திசையில் இருந்து வந்தது. கர்நாடகத்தில் இருக்கும் தமிழர்கள் மேல் கோபம் திரும்புமோ என்ற பயம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது பெங்களூரில் கட்டட வேலையிலோ ஓட்டலிலோ இருப்பார். 108 நாள் ராஜ்குமார் காட்டில் இருந்தார். அந்த 108 நாளும் இங்கே எத்தனை தாய்மார்கள் மகனின் போனுக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எந்தத் தொடரும் காட்டவில்லை. அவர் திரும்பி வந்த செய்தியோடு எல்லாத் தொடர்களும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகின்றன. எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் பெங்களூரில் இருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது. திரும்பிப் போகவே இல்லை.

பிறகு 2004இன் அந்த இரவு. ஐப்பசி பிறந்திருந்தது, தீபாவளி வரப்போகிற நேரம். சத்தம் கேட்டவர்கள் யாரோ முன்கூட்டியே பட்டாசு வெடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். விடிந்ததும் ஊரில் பாதி பாடிக்குக் கிளம்பிவிட்டது. சைக்கிள், மொபெட், டிராக்டர், நடை. சாலையில் கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மினுமினுத்தன. ஒரு பையன் குனிந்து ஒரு சில்லை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற அவன் அம்மா ஓங்கி ஓர் அறை விட்டு, அதை எடுத்துத் தூர எறிந்தாள். தருமபுரி ஆஸ்பத்திரி வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று சொன்னார்கள். மதியத்துக்குள் பேப்பர் தீர்ந்துவிட்டது. என் பாட்டி திண்ணையில் புளி உடைத்தபடி எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தாளோட பொண்டாட்டி புள்ளைங்க எங்க இருக்கறாங்களாம்?" யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஊரில் இடம் இருக்கவில்லை.

19 ஆண்டு கழித்து நெட்ஃபிளிக்ஸ் தொடரில் அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. செல்வமணி செல்வராஜ் இயக்கிய அந்தத் தொடர் நான்கு பகுதிகள் கொண்டது. வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள்; அவளுடைய போனில், நடுக்கூடத்தில் தலையணை போட்டு அதன்மேல் போனைச் சாய்த்துவைத்து, இருவருமாகப் பார்த்தோம். திரையில் எங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் "ப்பா, நம்ம ஊரு!" என்று துள்ளினாள். அந்தத் துள்ளல் எனக்கும் தொற்றியது என்பதை மறைக்க மாட்டேன். நாம் நடந்த ரோட்டை உலகம் பார்க்கிறது என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்தது வீரப்பனும் இல்லை, அவரைத் துரத்தியவர்களின் சாகசமும் இல்லை. வனத்துறை அதிகாரி பி.சீனிவாஸைப் பற்றிய பகுதிதான். கோபிநத்தத்திலேயே போய்த் தங்கி, ஊர் மக்களுக்கு மருந்துக்கு ஏற்பாடு செய்து, மாரியம்மன் கோயில் கட்டித் தந்து, அந்த மக்களின் மனத்தைத் திருப்பிவிட்டால் வீரப்பனுக்கு ஒதுங்க இடம் இருக்காது என்று நம்பிய மனிதர் அவர். 1991 நவம்பரில் சரணடைவதாகச் சொல்லி வரவழைத்து அவரைக் கொன்றார்கள். தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கோபிநத்தத்தில் இன்றும் அவரைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீரப்பன் பிறந்த ஊரிலேயே அவர் கொன்ற அதிகாரிக்கு மாலை விழுகிறது. இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை மட்டும் வைத்து ஒரு முழுத் தொடர் எடுக்கலாம். துப்பாக்கி இல்லாமல் அவர் தொடங்கிய வேலை அப்படியே தொடர்ந்திருந்தால் அதற்குப் பிறகான 13 ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

'கூச முனிசாமி வீரப்பன்' வேறு வகை. அதன் முதுகெலும்பு, நக்கீரன் குழு காட்டுக்குள் போய் எடுத்த வீரப்பனின் வீடியோ பேட்டி. சலூனில் அட்டைப் படமாக மட்டும் பார்த்த ஆள் இங்கே உட்கார்ந்து பேசுகிறார், சிரிக்கிறார், கையை ஆட்டிக் கதை சொல்கிறார், திடீரென்று ஆத்திரப்படுகிறார். எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு அப்படியே. சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற யாரோ ஒரு பெரியப்பா பேசுவதுபோல் இருக்கிறது. என் மகள் இரண்டாவது பகுதியில் சொன்னாள்: "ப்பா, இவரு பேசறது கேட்டா நல்லவரு மாதிரி இருக்குது." அங்கே போனை நிறுத்திவிட்டேன். யானைகளைக் கொன்று தந்தம் எடுத்ததையும், 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 உயிர் போனதையும், சீனிவாஸையும் மறுபடி அவளிடம் சொன்னேன். ஒருவர் நம் ஊர்ப் பேச்சில் பேசுவதாலேயே நம்மவர் ஆகிவிடுவார் என்ற மயக்கம் வலிமையானது. அதை உடைக்கிற பொறுப்பு இந்தத் தொடரை எடுத்தவர்களுக்கும் இருந்தது, ஓரளவுக்கு நிறைவேற்றினார்கள். எப்படி என்றால், வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் அதிரடிப்படையிடம் சிக்கியவர்களைக் கேமராவுக்கு முன் உட்காரவைத்தார்கள். மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க்‌ஷாப்' என்று அழைக்கப்பட்ட இடத்தில் தங்களுக்கு என்ன நடந்தது என்று வயதான ஆண்களும் பெண்களும் சொல்கிறார்கள். அந்தப் பகுதி ஓடும்போது என் மகள் எதுவும் பேசவில்லை.

வீரப்பனுக்குப் பலியானவர்கள் ஒருபுறம். வீரப்பனின் பெயரால் அரசாங்க உடையில் இருந்தவர்கள் அழித்த வாழ்க்கைகள் மறுபுறம். இரண்டாவது கணக்கு வெகுகாலம் எழுதப்படவே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்த பிறகு, 2007இல் பாதிக்கப்பட்டவர்களில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்கள். சாட்சி சொன்னவர்கள் அதைவிடப் பலர்.

இந்த இரண்டு தொடர்களின் தேதிகளுக்கு நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். 2023 ஆகஸ்ட் 4 அன்று நெட்ஃபிளிக்ஸ் தொடர். டிசம்பரில் ஜீ5 தொடர். நடுவில் செப்டம்பர் 29 அன்று வாச்சாத்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வாச்சாத்தி எங்கள் மாவட்டம்தான். நாங்கள் மேற்கே, அது கிழக்கே, அரூரைத் தாண்டிச் சித்தேரி மலை அடிவாரத்தில். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு அந்த மக்களையே கைது செய்து ஜெயிலில் தள்ளினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் கூட நின்று போராடி, வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 31 ஆண்டு. இளம்பெண்களாக இருந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகு வந்த தீர்ப்பு.

அந்த வாரம் எங்கள் டீக்கடையில் பேச்சு என்ன என்று கவனித்தேன். நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பற்றி ஆகஸ்டில் ஒரு மாதம் பேசினார்கள். வாச்சாத்தித் தீர்ப்பைப் பற்றி இரண்டு காலைகள் பேசினார்கள். மாவட்டம் ஒன்றுதான், மரமும் அதே சந்தனம்தான். ஒன்றில் மீசையும் துப்பாக்கியும் துரத்தலும் இருந்தன. மற்றதில் ஒரு கிராமமும் ஒரு கட்டுத் தீர்ப்புத் தாளும் இருந்தன. வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் அதே 2023 மார்ச்சில் வந்து, போலீஸ் ஒரு மலைக் கிராமத்துப் பெண்களை நடத்தும் விதத்தைக் காட்டியபோது தியேட்டரில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிவு எனக்கு மதிப்புமிக்கதாகப் பட்டது. சினிமாவால் அதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இனிப் புத்தகங்கள். அதிரடிப்படைத் தலைவராக இருந்த கே.விஜயகுமார் 2017இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் படித்தேன். திறமையாக எழுதப்பட்ட புத்தகம், அதில் சந்தேகம் இல்லை. பல ஆண்டுத் தோல்விகள், பொறுமை, ஆள் வைத்துக் காத்திருந்தது, கண் சிகிச்சைக்கு என்று வெளியே வரவழைத்தது எல்லாம் படிப்படியாக வருகின்றன. பணியில் உயிர்விட்ட காவலர்களை அவர் நினைவுகூரும் இடங்கள் நெகிழவைக்கின்றன. அந்தப் புத்தகத்தில் எங்கள் ஊர், ஒரு திட்டம் நிறைவேறிய இடம். காவல்துறை அதிகாரி ஒருவருக்கு அது அப்படித்தான் இருக்க முடியும். மலையடிவாரத்து மக்கள் அதில் தகவல் கொடுப்பவர்களாகவும் கொடுக்க மறுப்பவர்களாகவும் வருகிறார்கள். அவர்களின் வீட்டுக்குள் அந்தப் புத்தகம் போவதில்லை.

அந்த வீட்டுக்குள் போன புத்தகம் 'சோளகர் தொட்டி'. எழுதியவர் ச.பாலமுருகன், மனித உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர். வீரப்பன் இறந்த அதே 2004இல்தான் அந்த நாவல் முதலில் வெளியானது. எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்ட ஆண்டில், தமிழ்நாட்டின் ஏதோ ஓர் அச்சகத்தில் இந்த எழுத்துகள் கோக்கப்பட்டிருக்கின்றன என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அப்போதே படித்தேன். இந்தத் தொடர்களைப் பார்த்த பிறகு மறுபடி படித்தேன். இரண்டாவது முறை இன்னும் ஆழமாக இறங்கியது.

நாவலின் முதல் பாதியில் வீரப்பனும் இல்லை, போலீஸும் இல்லை. ஒரு தொட்டி இருக்கிறது. அதாவது சோளகர்களின் குடியிருப்பு. மழை, ராகி விதைப்பு, காட்டில் இருந்து வரும் தேன், கல்யாணம், சாவு, பீனாச்சி ஊதி ஆடும் ஆட்டம். நிலம் கையைவிட்டுப் போவது எப்படி என்பதும் மெல்ல மெல்ல வருகிறது. அந்த மனிதர்களோடு நாமும் ராகிக் களி தின்று, தீயைச் சுற்றி உட்கார்ந்து பழகிவிடுகிறோம். அதனால்தான் இரண்டாவது பாதி தாங்க முடியாததாக ஆகிறது. மாதி என்ற பெண்ணுக்கு நேர்வதைப் படிக்கும்போது அவள் நமக்குச் செய்தியில் வந்த பெயர் இல்லை. அவள் சிரித்ததை நாம் பார்த்திருக்கிறோம். சிகிச்சை கிடைக்காத காயம், பசி, மின்சாரம் வைத்த கை, எல்லாவற்றையும் பாலமுருகன் குரலை உயர்த்தாமல் எழுதுகிறார். வீரப்பன் இந்த நாவலில் எங்கோ தூரத்தில் கடந்துபோகும் ஓர் ஆள். அப்படித்தான் அந்த மக்களுக்கு அவர் இருந்திருப்பார். அவர்களின் வாழ்க்கை அவரைப் பற்றியது இல்லை. காட்டைப் பற்றியது, கம்பைப் பற்றியது, பெற்ற பிள்ளையைப் பற்றியது. தொடர்கள் அனைத்தும் அவரை நடுவில் வைத்து, மக்களைச் சுற்றிலும் நிறுத்துகின்றன. இந்த நாவல் மக்களை நடுவில் வைத்தது. வீரப்பனைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, அவர் அதிகம் வராத இந்தப் புத்தகத்தைத்தான் கொடுக்கிறேன். என் மகளும் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.

சுப்பிரமணிய சிவாவிடம் வருகிறேன். ஆகஸ்ட் 15 வந்தால் தூர்தர்ஷனில் 'கப்பலோட்டிய தமிழன்' போடுவார்கள். 1961இல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம். சிவாஜி வ.உ.சி.யாக வருவார். டி.கே.சண்முகம் சுப்பிரமணிய சிவாவாக வருவார். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா, "இந்தாளுதாண்டா நம்ம ஊர்ல அடக்கம் ஆயிருக்கறவரு" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். வ.உ.சி. கண்ணூர்ச் சிறையில் இருந்து வெளியே வரும் காட்சியில், ஊரே திரண்டு நிற்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். வாசலில் போர்வை போர்த்திய நோயாளி ஒருவர் மட்டும் நிற்பார். அவர்தான் சிவா. அந்தக் காட்சிக்கு எங்கள் தெருவே மூக்கைச் சிந்தும்.

வீரப்பனுக்குத் தொடர் மேல் தொடர் வந்துகொண்டிருக்கும் காலத்தில் சிவாவுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் நாடகத்துக்கு என்ன குறை? 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யோடு நின்றவர். ராஜத்துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே அவருக்கு 10 ஆண்டு நாடு கடத்தல் தண்டனை கொடுத்தார். வ.உ.சி.க்குக் கிடைத்த இரண்டு தண்டனைகளில் ஒன்று, சிவாவுக்குத் துணையாக இருந்ததற்காக. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. சிறையில் தொழுநோய் வந்தது. வெளியே வந்து 1913இல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கி நடத்தினார். பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வெளிவந்தது. நோயாளி என்று சொல்லி ரயிலில் ஏற விடவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் தமிழ்நாடு முழுக்கப் போனார். எங்கள் ஊரில் நிலம் வாங்கி பாரதபுரம் என்று பெயர் வைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்தார். 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூன் 16 அன்று தாஸ் இறந்தார். ஐந்து வாரத்தில் சிவாவும் போய்ச் சேர்ந்தார். கோயில் எழும்பவில்லை. ஒரு நூற்றாண்டை நெருங்கும் சமயத்தில், 2021இல், அந்த இடத்தில் அரசு பாரத மாதா நினைவாலயத்தைத் திறந்தது.

ஒரு மாதம் முன்பு ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலைப் படித்து முடித்தேன். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். வ.உ.சி.யும் சிவாவும் கைதான செய்தி கேட்டு 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். எங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இது ஒரே வரி. வேங்கடாசலபதி அந்த ஒரு வரிக்குள் இறங்கி, அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் பழைய பத்திரிகைகளையும் புரட்டி, தெருவுக்கு வந்தவர்கள் யார், என்ன தொழில் செய்தவர்கள், யார் செத்தார்கள், யார் ஜெயிலுக்குப் போனார்கள் என்று தேடுகிறார். தலைவர்களைத் தெரிந்த எனக்கு, தலைவர்களுக்காகக் கல்லெடுத்தவர்களை இந்தப் புத்தகம் அறிமுகப்படுத்தியது. சில பெயர்கள் கிடைக்கின்றன. சிலருக்குப் பெயருக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. பேச யாரும் மிச்சமில்லை. காகிதம் சொன்னதை மட்டுமே அவரால் எழுத முடியும். அந்த இடங்களில் வரலாற்று ஆசிரியரின் ஆதங்கம் வரிகளுக்கு நடுவே தெரிகிறது.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மாதேஸ்வரன் மலையும் வாச்சாத்தியும்தான் கண்முன் நின்றன. 1908இல் அடிபட்டவர்களைத் தேட ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1992இலும் 1993இலும் அடிபட்டவர்களைத் தேட அரூருக்கோ கொளத்தூருக்கோ தாளவாடிக்கோ பஸ் ஏறினால் போதும். அவர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள். 60 வயது, 70 வயது. நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னவர்கள். தொட்டியில் அவர்கள் பாடிய பாட்டு என்ன, அந்த வருஷம் ராகி எவ்வளவு விளைந்தது, ஜெயிலில் பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யவில்லை. அடுத்த தொடர் எடுக்கக் கேமராவோடு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் அவர்களிடம் போக வேண்டும். இந்த வருஷமே போக வேண்டும்.